படிக்காமல் எண்ணிய நான்கு நோட்டுகள்

போன வாரம் சுகந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சு. ஆள் வேணும், சாமான் வேணும்னா அதுலதான் கேக்கணும். காரணம் எழுதுற கட்டத்துல இருநூறு எழுத்துக்கு மேல போக மாட்டேங்குது."

"என்ன வேணும்னு கேக்கப்போற?"

"அத போன்ல சொல்லக்கூடாதே மேடம்."

"அப்ப நான் எப்படிம்மா யோசனை சொல்றது?"

"அதான் எனக்கும் புரியல மேடம்."

இதே பேச்சைத்தான் முப்பத்திரண்டு வருடம் நான் தில்லியோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்போது கட்டம் பெரிது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வேலை பார்த்தது ஆவடியில், ராணுவ உளவுப் பிரிவின் ஒரு சின்ன அலுவலகத்தில். உளவு என்றதும் யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நான் சீருடை போடாத எழுத்தர். உளவு பார்க்கிறவர்கள் உட்கார நாற்காலி வாங்கித் தருவது என் வேலை. வாசல் போர்டில் ஒரு எண் மட்டும் இருக்கும். ஆட்டோக்காரர்கள் அதைத் தார்ப்பாய் டிப்போ என்று முடிவு செய்திருந்தார்கள். நாங்கள் மறுக்கவில்லை. என் நாத்தனார் தன் மகள் கல்யாணப் பந்தலுக்கு இரண்டு தார்ப்பாய் கேட்டாள். இல்லை என்றேன். அந்தக் கோபம் இன்றுவரை தீரவில்லை.

பரீட்சை எழுதினேன், தட்டச்சு தெரிந்தது, எடுத்தார்கள். மூன்று மாதப் பயிற்சியில் இரண்டு விஷயம் சொல்லித் தந்தார்கள்: ரகசிய முத்திரையைக் காகிதத்தில் எங்கே குத்துவது, வாயை எப்படி மூடுவது. முத்திரைக்குத்தான் மூன்று மாதமும் ஆனது.

எங்களுக்கு எஜமானர்கள் இரண்டு பேர். இதைப் பார், அதைக் கேள் என்று உத்தரவு போடுகிறவர்கள் ஒரு இடம். அவர்களுக்கு எல்லாம் தெரியும், கொடுக்க எதுவும் கிடையாது. ஆளும் சாமானும் கொடுக்கிறவர்கள் இன்னொரு இடம். அவர்களிடம் எல்லாம் உண்டு, எதுவும் தெரியக் கூடாது. தெரியக் கூடாதவர்களிடம் போய், ஏன் வேண்டும் என்று சொல்லாமல், வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கி வர வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்திடமாவது ஏன் சத்தம் போட்டாய் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நான் அதிக வருடம் வேலை பார்த்தது ஒரு கர்னலிடம். வடக்கே மலைப்பக்கத்து மனிதர். தமிழ் பேசியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார். அதைத் தன் டிரைவரிடமே கற்றுக்கொண்டார். டிரைவர் ஏழுமலைக்குத் திருவேற்காடு. ஆகவே கர்னல் பேசியது அசல் திருவேற்காட்டு ஆட்டோ ஸ்டாண்டுத் தமிழ். அதைத்தான் இலக்கணத் தமிழ் என்று அவர் நம்பினார். நான் திருத்தவில்லை. என் வேலையில் அது வராது.

முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்று, "வாங்கம்மா, குந்துங்க" என்றார். குந்தினேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கோரிக்கையானாலும் தயாரித்தவரே அவர் முன் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் விரலை உயர்த்துவார். இரண்டு கேள்வி கேட்பார்.

"இத்த கேட்டா எதிரிக்கு இன்னா தெரியும்?"

இதற்குப் பதில், ஒன்றும் தெரியாது என்று இருக்க வேண்டும்.

"இத்த கேட்டா குடுக்கறவனுக்கு இன்னா புரியும்?"

இதற்குப் பதில், ஏதாவது புரியும் என்று இருக்க வேண்டும். இரண்டும் தேறினால்தான் கையெழுத்து. ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு முழு முற்பகல் போயிருக்கிறது. பொய் மட்டும் கூடாது. "கம்மியா சொல்லு, ஆனா புளுகாத" என்பார்.

ஓர் அறைக்கு ஏசி கேட்டோம். 'அந்த அறையில் வெப்பம் ஆகாத சில பொருட்கள் உள்ளன' என்று எழுதினேன். என்ன பொருட்கள் என்று கேட்டுத் திரும்பி வந்தது. சொல்ல இயலாது என்று எழுதினோம். சொல்ல இயலாத பொருட்களுக்கு மின்விசிறி போதும் என்று பதில் வந்தது. மூன்று கோடை இப்படிப் போனது. நான்காவது வருடம் நிதிப் பிரிவு அதிகாரி வேறு ஒரு வேலையாக ஆவடிக்கு வந்தார். கர்னல் அவரை டீ சாப்பிட அழைத்து, இயந்திரங்கள்மேல் பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு, அந்த அறையில் ஜன்னலைச் சாத்தி ஒரு மணி நேரம் உட்கார வைத்து மலையேற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மே மாதம். ஜூனில் ஏசி வந்துவிட்டது. கோப்பில் காரணம் என்ற இடத்தில் 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது' என்று இருக்கிறது.

சாமானுக்கே இப்படி என்றால் ஆளுக்கு எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் இடங்களில் சில தற்காலிகமானவை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தில்லியிலிருந்து குழு வந்து, இந்த ஆள் தேவைதானா என்று பார்க்கும். தேவையில்லை என்று எழுதினால் இடம் போகும், ஆளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படி ஒரு தற்காலிக இடத்தில் இருந்தவர் ரஷீத் பாய். பெயரை மாற்றியிருக்கிறேன். பூந்தமல்லிக்காரர், மொழிபெயர்ப்பாளர். எந்த மொழி என்று சொல்ல மாட்டேன். காலையில் ஒரு கட்டு அவர் மேசைக்கு வரும். மாலையில் அது ஆங்கிலமாகி, உறையில் ஒட்டப்பட்டு மேலே போகும். நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. போனது போய்ச் சேர்ந்ததா, யாராவது படித்தார்களா, உபயோகப்பட்டதா, ஒரு வரி பதில் வராது. அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் மொழிபெயர்த்ததற்கு எங்களிடம் இருந்த ஒரே நேரடி அத்தாட்சி, அன்றன்று என்ன வந்தது, எத்தனை பக்கம், எப்போது முடித்தார் என்று அவர் கைப்பட எழுதி வைத்த பதிவேடு.

அந்தப் பதிவேட்டில்தான் வினை இருந்தது. கெட்டி அட்டை போட்ட அச்சிட்ட பதிவேடு கேட்டு இரண்டு முறை எழுதினேன். 'எதற்கு' என்று இரண்டு முறையும் திரும்பியது. பாய் பொறுத்துப் பார்த்தார். பிறகு பூந்தமல்லியில் ஒரு கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நீள நோட்டு வாங்கி, பிரவுன் காகிதம் போட்டு, கோடு கிழித்து எழுத ஆரம்பித்தார். மேலட்டையில் எதுவும் எழுதக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. எழுதவில்லை. மூன்று வருடத்தில் நான்கு நோட்டு நிரம்பியது. நான்கையும் என் இரும்பு பீரோவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். வைத்தேன்.

பதிவேடுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். கரட்டுப் பிரதிகளை, அதாவது அடித்துத் திருத்திய ரஃப் காகிதங்களை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எரித்துவிட வேண்டும். எரிப்பது சும்மா தீக்குச்சி கிழிக்கிற வேலை இல்லை. மூன்று பேர் குழு: ஓர் அதிகாரி, ஒரு சுபேதார், நான். எரிக்க வேண்டியதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ண வேண்டும். ஆனால் படிக்கக் கூடாது, ஏனென்றால் அதைப் படிக்க எனக்கு அனுமதி கிடையாது. படிக்காமல் எண்ணுவது பழகினால்தான் வரும். கண்ணைப் பக்கத்தின் மூலையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி, சர்வீஸில் ஒரு வரி படித்தது கிடையாது. எண்ணி, கிழித்து, டிரம்மில் போட்டு எரித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கழியால் கிண்டி, ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை என்று பார்த்து, மூன்று பேரும் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு அழிவே கிடையாது. அதை நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டும்.

அந்த வருடம் பாய் மகள் நிக்காஹ்வுக்காக இருபது நாள் லீவு போட்டார். அந்த இருபது நாளில்தான் எரிப்பு நாள் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் கரட்டுப் பிரதிகளோடு நான்கு பிரவுன் அட்டை நோட்டு இருந்தன. பதிவேடு என்றால் கெட்டி அட்டை, சிவப்புத் துணி முதுகு என்று என் புத்தியில் பதிந்திருந்தது. பள்ளிக்கூட நோட்டைப் பார்த்ததும் கரடு என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் கொடுத்தபோது என் கையால்தான் வாங்கி வைத்தேன், அது நினைவுக்கே வரவில்லை. எழுநூற்று அறுபத்தெட்டுப் பக்கம். ஒவ்வொன்றையும் புரட்டினேன். ஒரே ஒரு வரியைப் படித்திருந்தால் போதும், நிறுத்தியிருப்பேன். விதிப்படி படிக்கவில்லை. இருபது நிமிடத்தில் எரிந்து முடிந்தது.

பாய் நிக்காஹ் முடிந்து லட்டோடு வந்தார். அடுத்த வாரமே தில்லிக் குழு வந்துவிட்டது. இரண்டு பேர். பெரியவர் மெதுவாகப் பேசுகிறவர். மெதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் நான் எப்போதும் பயப்படுவேன். பாயை நிற்க வைத்துக் கேட்டார்: மூன்று வருடமாக என்ன செய்தீர்கள்?

"எல்லாம் பதிவேட்டுல இருக்குது சார். நாலு புஸ்தகம். மேடம் பீரோவுல இருக்குது" என்றார் பாய், ஒரு கவலையும் இல்லாமல்.

பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டு காலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வுக் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. காலக்கெடு முடியாத பதிவேட்டை எரித்தவளுக்கு என்ன தண்டனை என்று எனக்கு வரி பிசகாமல் தெரியும், அந்த விதியைப் பலருக்குத் தட்டச்சு செய்து கொடுத்தவளே நான்தான்.

அதே நேரம் பாய்க்கு ஒன்பது வருட சர்வீஸ் ஆகியிருந்தது. பத்து நிரம்பினால்தான் பென்ஷன். அதுவும் எனக்குத் தெரியும். அவருடைய சர்வீஸ் புத்தகமும் என் பீரோவில்தான் இருந்தது.

திரும்பி வந்து, பாயைப் பார்க்காமல், பெரியவரிடம் சொன்னேன்: "அப்படி ஒரு பதிவேடு வைக்கப்படவில்லை சார்."

பாய் என்னைப் பார்த்தார். "மேடம்..." என்றார். பையிலிருந்து புது நோட்டை எடுத்து நீட்டினார். அதில் நான்கு பக்கம் எழுதியிருந்தது. பெரியவர் அதைப் புரட்டிவிட்டு, தன் குறிப்பில் 'நான்கு பக்கம்' என்று எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நோட்டு வாங்கியது அவர் தப்பு, லீவு போட்டது அவர் தப்பு, பதிவேடு அனுப்பாத தில்லி தப்பு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பெரியவர் எழுதிக்கொண்ட 'நான்கு பக்கம்' மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. திங்கள் காலை கர்னல் அறைக்கு ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

"குந்துங்கம்மா."

"வேணாம் சார். படிக்கிறேன்."

நின்றுகொண்டே படித்தேன். நான்கு நோட்டும் பதிவேடுதான், காலக்கெடுவுக்கு முன் நான் எரித்துவிட்டேன், எரிப்புச் சான்றிதழில் பக்க எண்ணிக்கை இருக்கிறது, குழுவிடம் நான் சொன்னது உண்மையல்ல. நான்கு வாக்கியம். கர்னல் ஒவ்வொன்றுக்கும் விரலை உயர்த்தினார். கடைசி வாக்கியத்துக்கு மட்டும் உயர்த்தவில்லை.

"இத்த கேட்டா எதிரிக்கு இன்னா தெரியும்?"

"நம்ம எப்படி எண்ணி எரிக்கிறோம்னு தெரியும் சார்."

"அப்போ ரகசியம். முத்திரை குத்துங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாய் போஸ்ட்டுக்கு ஒரு பேப்பர். உங்க மேல ஒரு பேப்பர். ரெண்டும் ஒரே கவர்ல போவும். ஒண்ண மட்டும் அனுப்ப முடியாது. சரியாம்மா?"

"சரி சார்."

"பயமா கீதுங்களா?"

"இருக்கு சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டு, பழைய எரிப்புச் சான்றிதழ்களையும் எடுத்துவரச் சொன்னார்.

மூன்று நாள் உட்கார்ந்து, மூன்று வருடச் சான்றிதழ்களில் இருந்த பக்க எண்ணிக்கையையும் தபால் புத்தகத்தில் இருந்த உறைகளின் எண்ணையும் தேதி வாரியாக ஒட்டிப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்தோம். எரித்த காகிதத்தை வைத்தே அவர் உழைப்பை நிரூபிக்க வேண்டியதாயிற்று. கவர் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் பதில் வந்தது. பாயின் இடம் தொடரும். எனக்குக் கண்டனம், பதவி உயர்வு இரண்டு வருடம் நிறுத்தம். எல்லாக் காகிதத்திலும் ரகசிய முத்திரை.

பாய்க்குக் கொடுத்த கடிதத்தில் 'இடம் தொடர்கிறது' என்று மட்டும் இருந்தது. ஏன் தொடர்கிறது என்று அவரிடம் சொல்ல அனுமதி இல்லை. கர்னல் காப்பாற்றினார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதுவும் உண்மைதான்.

அன்றிலிருந்து என்னிடம் "ஃபைல் மேடம்", "கையெழுத்து மேடம்" என்பதைத் தவிர அவர் பேசவில்லை. ரம்ஜான் மாதத்தில் பூந்தமல்லியிலிருந்து நோன்புக் கஞ்சி கொண்டுவந்து மேசை மேசையாக ஊற்றித் தருவார். என் மேசை வந்தால் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். எட்டு ரம்ஜான் அப்படிப் போனது. எனக்குச் சங்கடமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் இருந்தது, மறைப்பானேன். உமக்காக நான் இரண்டு வருடம் இழந்தேன், தெரியுமா ஓய், என்று மனசுக்குள் கேட்பேன். முழு பென்ஷனோடு ஓய்வு பெற்றார். விடைபெறும் கூட்டத்தில் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார், என் பெயர் வரவில்லை. நான் கை தட்டினேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்த்தது போன மாதம். திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் பாய். ஷேர் ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் கிடையாது, முட்டியும் முட்டியும் இடிக்கும். தாடி முழுக்க வெளுத்திருந்தது. நூம்பலில் வீடு என்பதால் நான் வேலப்பன்சாவடியில் இறங்க வேண்டும். அதற்கு முன் அவரே கேட்டார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. அந்த நாலு நோட்டு இன்னா ஆச்சு?"

சொல்லக் கூடாதுதான். சொன்னேன். எரித்தது, எழுதிக் கொடுத்தது, கண்டனம், இரண்டு வருடம், எல்லாம். வேலப்பன்சாவடி வந்தது, போனது. நான் இறங்கவில்லை. சொல்லச் சொல்ல, எனக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

பூந்தமல்லி வந்ததும் அவர் இறங்கினார், நானும் இறங்கினேன்.

"உங்களுக்குத் தண்டனை குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, எதுக்குக் குடுத்தாங்க?"

"கெடு முடியறதுக்கு முன்னாடி எரிச்சதுக்கு பாய்."

"நான் எழுதவே இல்லைன்னு என்னை நிக்க வச்சு சொன்னீங்களே, அதுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். கண்டனக் கடிதம் எனக்கு மனப்பாடம். அதில் அது இல்லை. கர்னலிடம் நான் படித்த நான்காவது வாக்கியத்துக்கு, அந்தப் பொய்க்கு, யாரும் விதியின் எந்தப் பிரிவும் போடவில்லை.

"அதுக்கு ஒண்ணும் இல்ல பாய்."

"அதத்தான் கேட்டேன்."

பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில், ஒரு பழக்கடை ஓரமாக நின்று, "என்னை மன்னிச்சிடுங்க பாய்" என்றேன். பதினைந்து வருடம் கழித்து. அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா இல்லை என்கிறாரா என்று தெரியவில்லை. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தவர், நின்று திரும்பினார்.

"கேஸு ரகசியம், சொல்ல முடியாது. அது புரியுது மேடம். இப்ப மன்னிச்சிடுங்கன்னு சொன்னீங்களே, இதுக்கும் முத்திரை குத்தி வச்சிருந்தாங்களா?"

"இல்ல பாய்" என்றேன்.